பச்சை வால் சாட்சி

அத்தியாயம் 6

“எலிக்குப் பின்னங்கால்ல எத்தினி விரலு, ருக்கு?”

“சார், சித்தூர்லேர்ந்து திருப்பதி வரைக்கும் பஸ்ல நின்னுக்கினே வந்திருக்கேன். என் கால்ல எத்தினி மிச்சம் கீதுன்னு பாத்துட்டு அப்புறம் எலிக்குப் போறேன்.”

துப்பறியும் சுந்தர்சிங் சிரிக்கவில்லை. டீக்கடை பெஞ்சில் விரித்திருந்த நீளக் காகிதத்தின் மேல் லென்ஸை வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தார். பதினெட்டு வருஷம் போலீஸ் கைரேகைப் பிரிவில் குனிந்த முதுகு அது. ஒரு நாள் மேலதிகாரி, பொருந்தாத ரேகையைப் பொருந்துகிறது என்று எழுதச் சொன்னார். சுந்தர்சிங் அதை எழுதவில்லை. ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து சித்தூரில் ‘துப்பறியும் நிலையம்’ என்று போர்டு மாட்டினார். போர்டுக்குக் கீழே ஒரு டைப்ரைட்டர், டைப்ரைட்டருக்குப் பின்னால் ருக்மணி. நகரி தறிக்காரர் வீட்டுப் பெண். நிமிஷத்துக்கு அறுபது வார்த்தை அடிப்பாள், நூற்றிருபது பேசுவாள். இன்றைக்கு மஞ்சள் வாயில் சேலை கட்டி, அந்த டீக்கடைக்கே விளக்குப் போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

“அஞ்சு அங்கிள்,” என்றாள் எதிரே இருந்த யூனிஸ். “முன்னங்கால்ல நாலு, பின்னங்கால்ல அஞ்சு.”

யூனிஸ்தான் கட்சிக்காரி. இருபத்தேழு வயது. சித்தூரில் சுந்தர்சிங் போகிற அதே சர்ச்சில் பாட்டுக்குழுவில் பாடுகிறவள். சாலைக்கு அந்தப் பக்கம் தெரிந்த ஆராய்ச்சி நிலையத்தில் நான்கு வருஷமாக எலிகளை நடக்க விட்டு அளக்கிறவள். பச்சைச் சேலை கட்டி, தலையைப் படிய வாரி, பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி வந்திருந்தாள். பரீட்சையேதான். பதினோரு மணிக்கு அவள் மேல் விசாரணை. இப்போது மணி ஒன்பதரை.

“இன்னொரு தபா சொல்லும்மா, ருக்குக்குப் புரியற மாதிரி,” என்றார் சுந்தர்சிங்.

“எனக்குப் புரிஞ்சிடும். சாருக்குப் புரியற மாதிரி சொல்லு யூனிஸு.”

யூனிஸ் சொன்னாள். மொத்தம் பதினாறு எலிகள். எல்லாவற்றுக்கும் மயக்கம் கொடுத்து, முதுகுத் தண்டின் மேல் ஒரே எடையை ஒரே உயரத்திலிருந்து விட்டு ஒரே மாதிரி அடி. பிறகு எட்டுக்குப் புரொபசர் திருவேங்கடம் இருபது வருஷம் உழைத்துக் கண்டுபிடித்த ஊசி மருந்து, மற்ற எட்டுக்கு வெறும் உப்புத் தண்ணீர். அடையாளம் தெரிய மருந்து எலிகளின் வாலில் மஞ்சள் சாயம், உப்புத் தண்ணீர் எலிகளின் வாலில் பச்சை. வாரா வாரம் ஒவ்வொரு எலிக்கும் வலது பின்னங்காலில் சிவப்பு மையும் இடது பின்னங்காலில் நீல மையும் தொட்டு, கையகல மரச் சந்து ஒன்றில் விடுவாள். சந்தின் தரையில் வெள்ளைக் காகிதம், கோடியில் ஒரு இருட்டுப் பெட்டி. எலி இருட்டைத் தேடிப் போகும், போன வழி காகிதத்தில் நிற்கும். காலடிக்கும் காலடிக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர், இரண்டு கால்களுக்கும் நடுவே எவ்வளவு அகலம், விரல்கள் எவ்வளவு விரிகின்றன என்று ஸ்கேல் வைத்து அளந்தால், நரம்பு எவ்வளவு தேறியது என்பது தெரிந்துவிடும்.

“ஆறு வாரத்துல பச்சை வாலெல்லாம் தானாவே தேறி நடந்துக்கினு இருக்கு. மஞ்சள் வாலெல்லாம் கால இழுத்துக்கினு போவுது. அந்த ஊசி குணம் பண்ணல அங்கிள். தானா ஆற வேண்டியத ஆற விடாம கெடுக்குது.”

“புரொபசர் இன்னா சொல்றாரு?”

“நோட்டுல நான் கலர மாத்தி எழுதிட்டேன்றாரு. ஊசி போட்டது பச்சை வாலுக்காம். அப்படிப் பாத்தா ஊசி பிரமாதமா வேலை செஞ்சிருக்குன்னு ஆவுது. நான் வயித்தெரிச்சல்ல பொய் எழுதினேன்னு மன்னிப்புக் கடுதாசி டைப் அடிச்சு வச்சிருக்காங்க. கையெழுத்துப் போட்டா படிப்பு மிஞ்சும். போடலன்னா இன்னிக்கு சாயங்காலம் ஹாஸ்டல காலி பண்ணணும்.”

“போடப் போறியா?”

“மாட்டேன்.” அதைச் சொல்ல அவளுக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை. “நகரில பழனின்னு ஒருத்தரு. தறி ஷெட்டு கூரை மேலேர்ந்து விழுந்து, இடுப்புக்குக் கீழ அசைவே இல்லாம எங்க நிலையத்து வார்டுல கீறாரு.”

“நம்ம பழனியண்ணனா?” ருக்மணி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டாள்.

“அவருக்குப் போன மாசம் கால் கட்டைவிரல் தானா அசைஞ்சுது. வியாழக்கிழமை இந்த ஊசிய முதல் முதல்ல போடப் போறது அவருக்குத்தான். போட்டா அந்த அசைவும் போயிடும். என் படிப்பு போனா போவட்டும் அங்கிள். நான் கையெழுத்துப் போட்ட காயிதத்தால ஒருத்தர் கால் போவக் கூடாது.”

ருக்மணி டீக்கு மறுபடி கை நீட்டவில்லை. அவளை அறிந்தவர்களுக்கு அது பெரிய செய்தி.

“ஊசி போட்டது பச்சைக்குன்னு சாட்சி யாரு?” என்றார் சுந்தர்சிங்.

“ரங்கையா. எலிக்கூடத்து வேலையாளு. ஊசி போட்டது அவருதான். புரொபசருக்கு உதவியா டாக்டர் சண்முகம்னு ஒருத்தர் மூணு மாசம் முன்னால தூத்துக்குடிலேர்ந்து வந்தாரு. நான் ஞாயித்துக்கிழமை சித்தூர்ல சர்ச்சுல இருந்தப்ப அவரே எலிங்கள நடக்க விட்டுப் பாத்திருக்காரு. மருந்து போட்டது எதுன்னு ரங்கையாவ கேட்டாராம், பச்சைன்னாராம். அத இங்கிலீஷ்ல டைப் அடிச்சு, இங்கிலீஷ் படிக்கத் தெரியாத மனுஷன்கிட்ட கையெழுத்து வாங்கிட்டாங்க. ஒரு வாரமா என்னை எலிக்கூடத்துக்குள்ள விடறதில்ல. என்கூட பேசக் கூடாதுன்னு அவருக்கும் உத்தரவு. நாலு வருஷமா என்னை அம்மாயி, அம்மாயின்னு பெத்த பொண்ணு மாதிரி கூப்பிட்டவரு.”

சுந்தர்சிங் இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று யூனிஸ் எடுத்தது. மற்றது சண்முகம் 14.7.85 என்று தேதி போட்டு எடுத்தது. விசாரணை நோட்டீசோடு சாட்சிக்கென்று சேர்த்து அனுப்பியிருந்தார்கள்.

“ரெண்டுலயும் பச்சை, மூணாம் நம்பர்னு எழுதியிருக்கு. நீலக் காலைப் பாரு. ரெண்டுலயும் நடு விரல் இல்ல.”

“ஆமா அங்கிள். மூணாம் நம்பருக்குக் கூண்டுல சண்டை. பக்கத்து எலி கடிச்சிருச்சு.”

“ஆக, எலிய யாரும் மாத்தல. வால் சாயத்தையும் மாத்தல. நீ எடுத்ததும் நெசம், சண்முகம் எடுத்ததும் நெசம்.”

“ரெண்டும் நெசம்னா பொய்யி எங்க சார் கீது?” என்றாள் ருக்மணி.

“கால்ல இல்ல. வாயில கீது.” சுந்தர்சிங் லென்ஸைத் துடைத்துப் பையில் போட்டார். “வா, ரங்கையா வாயப் பாத்துட்டு வரலாம்.”

‘குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பில் ஒருவர் பார்வையிடலாம்’ என்று நோட்டீசின் அடியில் ஒரு வரி இருந்தது. சம்பிரதாயத்துக்குப் போட்ட வரி. அந்த மாதிரி வரிகளில்தான் சுந்தர்சிங் இத்தனை வருஷமாகப் பிழைப்பு நடத்துகிறார். ஒருவர் என்றால் ஒருவர் மட்டும்தான் என்று வாசலில் டாக்டர் சண்முகம் தடுத்தார். “இவ சுருக்கெழுத்து சார், என் வலது கை. கைய வெளிய வச்சுட்டா வர முடியும்?” என்று சுந்தர்சிங் கேட்க, சண்முகம் வழி விட்டார். முப்பது வயது, வெள்ளைக் கோட்டு, அயர்ன் கலையாத முகம். யூனிஸ் முப்பதடி தள்ளி வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டாள்.

உள்ளே உமியும் மூத்திரமும் கலந்த நெடி. இரண்டு பக்கமும் கம்பிக் கூண்டுகள். காக்கிச் சட்டை போட்ட ரங்கையா ஒரு வெள்ளை எலியைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு இன்னொன்றுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார்.

“ஊசி எந்த எலிக்குப் போட்டீங்க ரங்கையா?”

“பச்ச வாலுக்கு சார்.” ரங்கையா யோசிக்கவே இல்லை. “ஆறு வாரம், நா கையாலயே போட்டேன். மலை மேல இருக்கிற சாமி மேல ஒட்டு, சத்தியம். பொய் அபத்தம் சொல்ற வாயில்ல இது.”

“சாமி பாவம், அவுருக்கு ஆயிரம் வேலை. அவுர ஏன் எலிக்கூடத்துக்கு இழுக்கிற?” ருக்மணி முன்னால் வந்தாள். “இந்தப் பாடத்த யாரு சொல்லிக் குடுத்தாங்க?”

ரங்கையாவின் முகம் சுருங்கிவிட்டது. “யாரும்மா சொல்லிக் குடுக்கணும்? போட்டவன் நான் கதா? அம்மாயி நோட்டுலயும் அப்படித்தான் எழுதியிருக்கும். போய் பாருங்க.”

சுந்தர்சிங் சட்டென்று நிமிர்ந்தார். யூனிஸ் நோட்டில் எழுதியிருப்பது மஞ்சள் என்று. அது தெரியாமலா இந்த மனிதர், அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டு, அவள் நோட்டையே துணைக்குக் கூப்பிடுகிறார்? ருக்மணி அதைக் கேட்க வாயைத் திறப்பதற்குள் அவள் பக்கத்துக் கூண்டில் ஒரு எலி கீச்சென்று கத்தியது. ரங்கையா தண்ணீர் பாட்டிலைக் கீழே வைக்காமலே சொன்னார்.

“ஆ பச்ச சீர கட்டின அம்மா கொஞ்சம் தள்ளி நிக்கட்டும் சார். எலி பயப்படுது.”

ருக்மணி கூண்டை விட்டு இரண்டடி நகர்ந்தாள். அதே நேரத்தில் டாக்டர் சண்முகம் வாசலுக்கு விறுவிறு என்று போய், வேப்ப மரத்தைப் பார்த்துக் கத்தினார்.

“மிஸ் யூனிஸ்! இன்னும் தள்ளிப் போய் நில்லுங்க. எலி பயப்படுதாம்!”

ஒன்றும் புரியாமல் யூனிஸ் மரத்துக்கு அந்தப் பக்கம் போனாள்.

“யூனிஸு எங்க நிக்குது, எலி எங்க பயப்படுது!” ருக்மணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இன்னா டாக்டரே, உங்க எலிக்கு சுவத்துக்கு அந்தாண்டகூட கண்ணு தெரியுமா?”

சுந்தர்சிங் ருக்மணியைப் பார்த்தார். சண்முகத்தைப் பார்த்தார். ஜன்னல் வழியே மரத்தடியைப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால், சிரிப்பை அடக்குகிறார் என்று அர்த்தம்.

“போதும். வா ருக்கு.”

“சார், நான் இன்னும் கேக்கவே இல்லியே!”

“கேட்டாச்சு. பதிலும் வந்தாச்சு. ரங்கையா, விசாரணைக்கு அந்த மரச் சந்தை எடுத்துக்கினு வாங்க. மை பாட்டில் ரெண்டும் வேணும்.”

வெளியே வந்ததும் ருக்மணி அவர் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். “யாரு சார் பொய் சொல்றது? ரங்கையாவா, டாக்டரா?”

“அந்த ரூமுல யாருமே பொய் சொல்லல. அதான் கஷ்டம்.”

“அப்ப யூனிஸா?”

“அவளும் இல்ல. இன்னும் ஒரு ரூமு பாக்கி கீது ருக்கு. அங்க இருக்கலாம்.”

டைரக்டர் அறையில் மின்விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. நடுவில் டைரக்டர், நெல்லூர்க்காரர், பாதிக் கண் மூடி எல்லாவற்றையும் கேட்கிறவர். அவர் வலப்பக்கம் புரொபசர் திருவேங்கடம்: தங்க ஃபிரேம் கண்ணாடி, அதைவிடப் பளபளப்பான சிரிப்பு. இடப்பக்கம் சண்முகம். யூனிஸுக்கு நாற்காலி போடவில்லை. ருக்மணி மூலையில் கிடந்த ஒன்றைச் சத்தம் வரும்படி இழுத்து வந்து அவளை உட்கார வைத்தாள்.

மரச் சந்தை மேஜை மேல் வைத்துவிட்டு ஒதுங்கிய ரங்கையாவைப் புரொபசர் விரலைச் சொடுக்கித் தெலுங்கில் கூப்பிட்டார். “ரங்கையா! நா ரூமுல டேபிள் மீத ஆ பச்ச ஃபைலு உந்தி. தீஸ்கு ரா.”

ரங்கையா ஓடிப் போய் ஒரு மஞ்சள் ஃபைலை எடுத்து வந்து கொடுத்தார். புரொபசர் நாடாவை அவிழ்த்து, உள்ளேயிருந்து ஒரு காகிதத்தை உருவி யூனிஸ் முன்னால் தள்ளினார். மருந்து செலுத்திய எலிகளின் வால் நிறத்தை வேண்டுமென்றே தவறாகப் பதிந்தேன், புரொபசரின் மருந்து குணமளிக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன், வருந்துகிறேன். அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே யூனிஸ் பெயர். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

“நல்லா படிக்கிற பொண்ணு. ஏதோ புத்தி பிசகிடுச்சு. நான் மன்னிச்சுட்டேன்,” என்று பேனாவை நீட்டினார் புரொபசர். “போடும்மா.”

“மாட்டேன் சார்.”

“யோசிச்சு சொல்லு.”

“ஒரு வாரம் யோசிச்சேன் சார். மாட்டேன்.”

புரொபசரின் சிரிப்பு ஒரு பல் அளவுக்குக் குறைந்தது. சுந்தர்சிங் தொண்டையைக் கனைத்தார்.

“டைரக்டர் சார், எங்க தரப்புல ஒரே ஒரு வேண்டுகோள். மருந்து போட்ட எலி ஒண்ணு இங்க வரணும். நான் கேக்கல, யூனிஸ் கேக்கல. டாக்டர் சண்முகம் அவர் வாயாலயே கேக்கட்டும்.”

“தாராளமா,” என்றார் சண்முகம். உண்மை தன் பக்கம் இருக்கிறது என்று நம்புகிற மனிதரின் குரல் அது. “ரங்கையா, பச்சை வால், மூணாம் நம்பர். போய் எடுத்துட்டு வாங்க.”

மூன்று நிமிஷம். ரங்கையா துண்டில் பொதிந்து எடுத்து வந்த எலியை மேஜை மேல் இறக்கித் துண்டை விலக்கினார். வால் மஞ்சள்.

“என்னய்யா இது?” சண்முகம் எழுந்துவிட்டார். “நான் பச்சை கேட்டா மஞ்சளைத் தூக்கிட்டு வாரீங்க!”

“பச்சதானே சார் இது!”

“இது மஞ்சள்!”

“நீங்க மஞ்சள்னுவீங்க, நாங்க பச்சன்னுவோம். ஒகட்டே கதா, ரெண்டும் ஒண்ணுதானே?” ரங்கையா ருக்மணியின் சேலையைக் காட்டினார். “இந்த அம்மா சீர பச்ச.” பிறகு யூனிஸின் சேலையைக் காட்டினார். “அம்மாயி சீர ஆக்குப் பச்ச. இலை கலர். இலை கலர் வாலு எலிக்கு நான் ஊசியே போடலயே சார், உப்புத் தண்ணிதானே போட்டேன்!”

டைரக்டரின் பாதிக் கண் முழுக் கண்ணாயிற்று. ருக்மணி நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டாள்.

“அட என் புத்தியே! நூலுக்கு சாயம் போடற வீட்டுல பொறந்தவ நானு. பாதி ஊரு தெலுங்குல மஞ்சளப் பச்சன்னுதான் கூவுது. நோட்டீசுல இங்கிலீஷ்ல அடிச்சிருந்ததப் படிச்சுட்டு, காதையும் அதுக்கு ஏத்தாப்புல வச்சுக்கினேன் பாரு!”

“எலிக்கூடத்துல ரங்கையா ‘பச்ச சீர’ன்னு உன்னத்தான் சொன்னாரு. நீ நகந்துட்ட,” என்றார் சுந்தர்சிங். “டாக்டரு போய் மரத்தடில நிக்கிற பச்சைச் சேலைய விரட்டினாரு. அங்கயே விஷயம் தெரிஞ்சுபோச்சு. சித்தூரு, திருப்பதில பொறந்த யாரும் பண்ண முடியாத தப்பு சார் இது. தூத்துக்குடிலேர்ந்து வந்து மூணு மாசம்தான் ஆனவரு பண்ணாம இருக்கவும் முடியாது.”

சண்முகம் மஞ்சள் வாலையே பார்த்தார். “நான் பொய் எழுதல சார். சத்தியமா எழுதல.”

“தெரியும் டாக்டரு. பொய் எழுதறவன் காயிதத்துத் தலைல ‘பச்சை’ன்னு அவ்ளோ பெருசா எழுதி வைக்கமாட்டான்.”

சண்முகம் யூனிஸ் பக்கம் திரும்பினார். “மன்னிச்சிருங்க, மிஸ் யூனிஸ். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேட்காதேன்னு சொன்னாங்க, கேட்கல. தப்பு என்னுதுதான்.” அவர் கண் கலங்கியிருந்தது. யூனிஸ் தலையை மட்டும் அசைத்தாள். அவள் பார்வை ரங்கையா மேல் இருந்தது. அம்மாயியைக் காட்டிக் கொடுத்தது தன் வாய்தான் என்று அந்த மனிதர் அப்போதுதான் புரிந்துகொண்டு, வாயில் துண்டை வைத்துக்கொண்டு நின்றார்.

“நீங்க சரியாத்தான் சொல்லியிருக்கீங்கண்ணா,” என்றாள் யூனிஸ்.

புரொபசர் கையிரண்டையும் தட்டினார், கல்யாண வீட்டில் பந்தி முடிந்த மாதிரி. “ஆக, மொழிக் குழப்பம். யார் மேலயும் தப்பில்ல. இதை இங்கயே விட்டுடுவோம். வியாழக்கிழமை வேலையைப் பார்ப்போம்.”

“பழனிக்கு ஊசியா சார்?” யூனிஸ் எழுந்துவிட்டாள்.

“எலி வேற, மனுஷன் வேற. அது உனக்கு வேண்டாத விஷயம்.”

“புரொபசர் சார்,” என்றார் சுந்தர்சிங், ரொம்ப மரியாதையாக. “நீங்க திருப்பதிக்கு வந்து எத்தினி வருஷம்?”

“இருபத்தெட்டு. எதுக்கு?”

“தெலுங்கு நல்லா வருமா?”

“தண்ணி பட்ட பாடு.”

“இப்ப ரங்கையாகிட்ட ஒரு ஃபைலு கேட்டீங்களே. இன்னா கலரு கேட்டீங்க?”

மேஜை மேல் கிடந்த மஞ்சள் ஃபைலை எல்லோரும் பார்த்தார்கள். புரொபசரின் கை தானாகப் போய் அதை மறைக்கப் பார்த்தது.

“ஃபைலு பெருசு, கை சின்னது சார்,” என்றாள் ருக்மணி.

“டாக்டர் சண்முகத்துக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.” சுந்தர்சிங் குரலில் இப்போது மரியாதை இல்லை. “ரங்கையா ‘பச்ச’ன்னப்பவே அது மஞ்சள்னு புரிஞ்சிக்கினு இருந்தீங்க. டாக்டரு தப்பா டைப் அடிச்சது உங்களுக்கு வாகா அமைஞ்சுது. திருத்தல. கூடவே ஒரு மன்னிப்புக் கடுதாசியும் ரெடி பண்ணினீங்க. இருபது வருஷ ஊசி பொய்யாப் போறத விட, ஒரு பொண்ணு பேரு பொய்யாப் போறது உங்களுக்கு சுலபமாப் பட்டுது.”

“யாருய்யா நீ?” புரொபசர் மேஜையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. “ரோட்டுல ரேகை பாக்கிறவன் வந்து எனக்குப் பாடம் சொல்றதா? டைரக்டர் சார், வாய்ப் பேச்சு எதுவும் செல்லாது. காகிதத்துல இருக்கிறதுதான் பேசும். அந்தக் கடிதத்துல கையெழுத்து விழாம இவ இந்த ரூமை விட்டுப் போகக் கூடாது!”

“சரி சார்,” என்றாள் யூனிஸ். “காயிதமே பேசட்டும்.”

அவள் மன்னிப்புக் கடிதத்தை எடுத்தாள். கிழிக்கப் போகிறாள் என்றுதான் ருக்மணிகூட நினைத்தாள். யூனிஸ் கிழிக்கவில்லை. மேஜை மேல் இருந்த மரச் சந்துக்குள், டைப் அடித்த பக்கம் மேலே தெரிய, கடிதத்தைச் சுருக்கமில்லாமல் விரித்தாள். ஓரங்களை விரலால் நீவினாள். இருட்டுப் பெட்டியைக் கோடியில் பொருத்தினாள். நான்கு வருஷமாக வாரா வாரம் செய்த வேலை.

“ரங்கையாண்ணா, பிடிங்க.”

ரங்கையா எலியைத் தூக்கிப் பிடித்தார். வலது பின்னங்காலில் சிவப்பு, இடதில் நீலம். மஞ்சள் வால் அவர் மணிக்கட்டில் துவண்டு தொங்கியது. யூனிஸ் எலியை வாங்கிச் சந்தின் வாயில் வைத்தாள்.

எலி இருட்டைப் பார்த்தது. முன்னங்கால் இரண்டையும் ஊன்றி உடம்பை இழுத்தது. பின்னங்கால்கள் வரவில்லை, வெறுமனே பின்னால் இழுபட்டன. நின்றது, மறுபடி இழுத்தது. அதற்கு விசாரணை தெரியாது, புரொபசர் தெரியாது, கோடியில் இருட்டு இருக்கிறது என்பது மட்டும் தெரியும். ருக்மணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நகரியில் ஒரு கட்டைவிரல் அசைந்த செய்தி கேட்டு, பழனியின் பெண்டாட்டி தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

எலி இருட்டுப் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தது. காகிதத்தில் ஒரு விரல் பதிவுகூட இல்லை. ஒரு சிவப்புக் கோடு, ஒரு நீலக் கோடு. ‘குணமளிக்கிறது’ மேலும் ‘வருந்துகிறேன்’ மேலும் ஏறி, யூனிஸ் பெயருக்கு மேலே வெறுமையாக விட்டிருந்த இடத்தையும் கடந்து போயிருந்தன.

டைரக்டர் மஞ்சள் ஃபைலைத் தன் பக்கம் இழுத்தார். வியாழக்கிழமை ஊசி போட வேண்டியவர்களின் பட்டியலைத் தேடி எடுத்தார். முதல் வரியில் இருந்த பழனியின் பெயரை ஒரு தடவை அடித்தார். போதாது என்று இன்னொரு தடவை அடித்தார்.

“கூர்ச்சோண்டி, புரொபசர்,” என்றார். உட்காரச் சொன்ன குரல், எழுந்திருக்க விடாத குரலாக இருந்தது.

புரொபசர் உட்காரவில்லை. மை காய்வதற்காக யூனிஸ் ஊதிக்கொண்டிருந்த கடிதத்தை நோக்கிக் கையை நீட்டினார். “அதை இப்படிக் குடு.”

யூனிஸ் கடிதத்தைத் தன் நோட்டுக்குள் வைத்து மூடினாள்.

“கையெழுத்துதானே கேட்டீங்க சார்? சம்பந்தப்பட்டவரே போட்டுட்டாரு.”